நாலு சக்கரமும் சுத்தும், சரி... நிக்குமா?

பொட்டி தட்டுற மக்களே, டிசம்பர் பொறந்தா போதும், பே ஏரியாவுல நம்ம கூட்டத்துக்கு ஒரு ஜுரம் வந்துடும். லாங் வீக்எண்ட், லேக் தாஹோ, குழந்தைக்கு ஒரு சறுக்குத் தட்டு, ஆளுக்கு நூறு போட்டோ. போயிட்டு வாங்க, நல்ல விஷயம். சென்னை வெயில்ல வளர்ந்தவனுக்குப் பனியைத் தொட்டுப் பாக்கணும்னு ஆசை இருக்காதா என்ன? அந்த ஆசையோட எனக்குச் சண்டை இல்ல. கிளம்பும்போது குரூப்புல ஒரு அண்ணாச்சி சொல்வாரு பாருங்க, "எஸ்யூவி எடுத்தாச்சு, ஆல் வீல் டிரைவ், ஒண்ணும் ஆகாது"ன்னு. அந்த ஒரு வரியோடதான் சண்டை.

ஆல் வீல் டிரைவ் இஞ்சினோட இழுவையை நாலு சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கும். வண்டி கிளம்பறதுக்கும் மேடு ஏறுறதுக்கும் அது உதவும். நிறுத்தறதுக்கு? பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு, பக்கத்துல போற சின்ன செடானுக்கும் சேர்த்து. வண்டியை நிறுத்துறது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற உராய்வு மட்டுமே.

நாமெல்லாம் இஞ்சினியரிங் முடிச்சவங்கதானே, முதல் வருஷ பிசிக்ஸை எடுங்க. பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் = வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு × 2 ஆல வகுத்தது. இதுல வண்டியோட எடை எங்கேயாவது வருதா? வராது, அடிபட்டுப் போயிடும். "பெரிய வண்டி, நல்லா புடிச்சு நிக்கும்"ங்கறது அங்கேயே காலி. இப்ப 30 மைல் வேகத்துல போறதா வெச்சுப்போம். காய்ஞ்ச தார் ரோட்டுக்குக் குணகம் 0.7ன்னு போட்டா சுமார் 13 மீட்டர்ல நின்னுடும். அழுந்தின பனிக்கு 0.2ன்னு போட்டா 46 மீட்டர். ஐஸுக்கு 0.1, அதாவது 90 மீட்டருக்கு மேல. இது காலை பிரேக்குல வெச்சதுக்கப்புறம் ஆகுற தூரம். பின் சீட்டுல "அப்பா, சமோசா"ன்னு குரல் கேட்டுத் திரும்பின நேரம் தனிக் கணக்கு.

இன்னும் மோசம் என்னன்னா, இந்த ஆல் வீல் டிரைவ் ரோடு வழுக்குதுங்கற சேதியையே நம்மகிட்டேர்ந்து மறைச்சுடும். முன்சக்கரம் மட்டும் இழுக்குற வண்டின்னா மேட்டுலயே டயர் வீணாச் சுத்தி "இது வேலைக்காகாது ராசா"ன்னு சொல்லிடும். இது சத்தமே போடாம மேல ஏறிடும். எறக்கத்துல முதல் வளைவு வர்றப்பதான் விஷயமே தெரியும்.

அப்புறம் இந்த சியெர்ரா மலைப் பனி ஒரு தனி ரகம். மைனஸ் 15ல இருக்கற ஐஸைவிட பூஜ்யத்தை ஒட்டி இருக்கற ஐஸ்தான் அதிகமா வழுக்கும். மேல ஒரு மெல்லிசான தண்ணிப் படலம் இருக்கும். பகல் வெயில்ல உருகின தண்ணி பொழுது சாஞ்சதும் ரோட்டுலயே கண்ணாடி மாதிரி உறையும். பாலத்துக்கு மேலயும் கீழயும் குளிர் காத்து அடிக்கிறதால அது முதல்ல உறையும். நாம எப்ப திரும்புவோம்? ஞாயித்துக்கிழமை சாயங்காலம், காசு கொடுத்த ரிசார்ட்டுல கடைசி நிமிஷம் வரைக்கும் இருந்துட்டு.

சரி, செயின் கதைக்கு வருவோம், எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். 80-ம் நம்பர் ஹைவே டானர் சம்மிட்ல 7,239 அடி உயரத்துக்குப் போகுது. பனி கொட்டினா கால்ட்ரான்ஸ் செயின் கன்ட்ரோல் போடுவாங்க, வேகமும் 25, 30 மைல்னு குறைஞ்சுடும். ஆர்2ன்னு போர்டு இருந்தா, நாலு சக்கரத்துலயும் ஸ்னோ டயர் போட்ட ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும் மாட்டறதுலேர்ந்து விலக்கு. ஆனா அதுலயும் செயின் கையில இருந்தாகணும். ஆர்3ன்னா யாருக்குமே விலக்கு கிடையாது. இது சட்டம். இப்ப வாடகைக் கார் ஒப்பந்தத்துல பொடி எழுத்தைப் படிங்க: செயின் மாட்டக்கூடாதுன்னு எத்தனையோ கம்பெனி எழுதி வெச்சிருக்கு! மாட்டி ஏதாவது ஆச்சுன்னா காசு உங்க தலையில. ஊருக்குப் புதுசா வந்தவன் எந்தப் பக்கம் போவான்? இதுக்கு நடுவுல கவுன்ட்டர்ல "இது எல்லா சீசனுக்கும் ஆன டயர் சார்"னு ஒரு சிரிப்பு வேற.

அந்த டயர்ல எம்+எஸ்னு போட்டிருந்து பட்டன் தேயாம இருந்தா கலிபோர்னியாவுல ஸ்னோ டயர் கணக்குதான். ஆனா அந்த எழுத்து பட்டன் அமைப்பை வெச்சு டயர் கம்பெனியே போட்டுக்கறது. மூணு சிகரம் உள்ள மலைக்குள்ள பனிப்பூ படம் இருந்தாத்தான் பனியில ஓட்டிச் சோதிச்ச டயர்னு அர்த்தம். சுமார் 7 டிகிரிக்குக் கீழ போனா சாதா டயரோட ரப்பர் விறைச்சுடும், குளிர்கால டயர் மெத்துன்னு இருக்கும். கனடாவுல கியூபெக் மாகாணம் 2008லேர்ந்தே குளிர்கால டயரைக் கட்டாயமாக்கிடுச்சு, வாடகைக் காருக்கும் சேர்த்து. அங்க முடியுது, ரீனோ ஏர்போர்ட்ல மட்டும் ஏன் முடியாது? கேட்டு வாங்குறவன் இல்ல, அதான். ஜிபிஎஸ் இருக்கா, சன் ரூஃப் இருக்கான்னு கேக்குற நாம, டயரோட பக்கவாட்டைக் குனிஞ்சு பாக்குறோமா?

"அதான் மெதுவாப் போவோம்ல"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு பேரு ஞாபகப்படுத்தறேன்: ஜேம்ஸ் கிம். சான் பிரான்சிஸ்கோவுல சிநெட்ல எடிட்டர், நம்ம மாதிரியே டெக்னாலஜி ஆளு. 2006 நவம்பர் 25 ராத்திரி, ஒரிகன்ல மனைவி, ரெண்டு குழந்தைங்களோட, கடற்கரை ஊருக்குப் போற எக்ஸிட்டை விட்டுட்டு பேர் கேம்ப் ரோடுங்கற மலைப்பாதையில ஏறினாங்க. பனியில மாட்டிக்கிட்டாங்க. குளிருக்கு டயரைக்கூட எரிச்சாங்க. டிசம்பர் 2 அன்னிக்கு உதவி தேடி நடந்து போனவரோட உடல் 6-ம் தேதிதான் கிடைச்சது. காரோடவே இருந்த மனைவியையும் குழந்தைங்களையும் 4-ம் தேதி உயிரோட மீட்டாங்க. அவங்க வண்டி சாப் 9-2எக்ஸ். ஆல் வீல் டிரைவ்தான்.

அதனால பெரிய ரோடு மூடியிருக்குன்னா, மேப் காட்டுற சந்துப் பாதையில நுழையாதீங்க. 2024 மார்ச் தொடக்கத்துல 80-ஐ ஏறக்குறைய 100 மைலுக்கு மூடினாங்க. அந்த மாதிரி நாள்ல மேலயே இன்னொரு ராத்திரி ரூம் போடுங்க. மேனேஜருக்கு "ரோடு மூடிட்டாங்க"ன்னு ஒரு வரி மெயில் தட்டுங்க. ஆணி எங்கயும் ஓடிடாது, செவ்வாய்க்கிழமை வந்து புடுங்கிக்கலாம்.

கொசுறு: வழியில பனிக்குள்ள மாட்டி, ஹீட்டருக்காக இஞ்சினை ஓட விடுறீங்கன்னா, முதல்ல இறங்கி சைலன்சர் வாயை அடைச்சிருக்கற பனியைத் தோண்டி எடுங்க. இல்லேன்னா கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ள வந்துடும், வாசனைகூட இருக்காது.