மாலை வகுப்பிலும் மாற்றார் மொழியா?

பகலெல்லாம் பட்டறையில் நின்று உழைத்துவிட்டு, அந்தி சாய்ந்தபின் ஏட்டைக் கையிலேந்திக் கல்லூரிக்குச் செல்லும் உழைப்பாளிகள் தமிழகத்தில் பலர். வறுமையால் இளமையில் விட்டுப்போன பட்டப்படிப்பை, மனைவி மக்களைக் காக்கும் பொறுப்பு வந்தபின் மீண்டும் பற்றிப் பிடிக்க முனைவோர் அவர்கள். அவர்தம் ஊக்கத்தைப் போற்றாத மேடையில்லை, பாராட்டாத அமைச்சரில்லை. ஆயின், அவ்வுழைப்பாளிகளுக்கு எம்மொழியில் பாடஞ் சொல்லப்படுகிறது என்று கேட்பார்தாம் இலர்.

கோவை நகரைப் பார்த்தாலே இக்குறை தெற்றென விளங்கும். வார்ப்பாலைகளும் கடைசற் பட்டறைகளும் நீரேற்றும் பொறிகளைச் செய்யும் தொழிற்கூடங்களும் நெருங்கிய ஊர் அது. அங்கு 1945இல் தோன்றிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலும், 1951இல் தோன்றிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலும், 1956இல் தோன்றிய கோயமுத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பகுதிநேரப் பொறியியற் பட்டப்படிப்பு பல்லாண்டுகளாக மாலை வேளைகளில் நடத்தப்பட்டு வந்துள்ளது. தொழில்நுட்பப் பட்டயம் பெற்றுப் பணியில் இருப்போர்க்கென ஏற்பட்ட படிப்பு அது. ஏழு பருவங்கள், மூன்றரை ஆண்டுகள். 2023-24ஆம் கல்வியாண்டு முதல் அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பணிபுரிவோர்க்கென்றே அவர்கட்கு இயைந்த நேரங்களில் பட்ட வகுப்புகள் நடத்தக் கல்லூரிகளுக்கு இசைவு தந்து, அவ்வழியை மேலும் அகலமாக்கியிருக்கிறது. வழி அகன்றது, வழியில் கிடக்கும் கல் அகலவில்லை. அக்கல்லின் பெயர் ஆங்கிலம்.

மாலை வகுப்பிற்கு வருகின்றவன் யார்? பெரும்பாலும் ஊர்ப்பள்ளியில் தமிழில் படித்தவன். பதினைந்து, பதினாறு அகவையில் பட்டயப் படிப்பிற் சேர்ந்து, ஆங்கிலப் பொத்தகங்களோடு மல்லாடி ஒருவாறு தேறி, இருபதிற் பணிக்குச் சென்றவன். பத்தாண்டுகள் பொறிகளோடு பழகியபின், அப்பொறியின் ஓசை மாறினாலே எவ்வுறுப்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லவல்லவன். எனினும், நேற்றுப் பட்டம் பெற்று வந்த இளைஞன் அவனுக்கு மேலே பொறியாளனாய் அமர்கின்றான். இவனே அவ்விளைஞனுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவனிடமே கைகட்டி நிற்கின்றான். இந்த இழிவைத் துடைக்கத்தான் ஊதியத்தில் ஒரு பங்கை எடுத்துக் கட்டணமாய்க் கட்டிவிட்டு, உறக்கத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டு அவன் மாலைக் கல்லூரிக்கு வருகின்றான்.

வந்தவன் அங்கே காண்பதென்ன? ஆசிரியர் வாயால் விளக்குவது தமிழில். கரும்பலகையில் எழுதுவது ஆங்கிலத்தில். தேர்வுத்தாளில் கேட்பதும் ஆங்கிலத்தில். தமிழில் விளக்கினால்தான் விளங்கும் என்பதை ஆசிரியரும் அறிவார், மாணவரும் அறிவர். அறிந்தும், விளங்கிய மொழியில் விடையெழுத மட்டும் விடுவதில்லை.

வார்ப்படத் தொழிலில் ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம். அச்சுமணலில் ஈரம் மிகுந்துவிட்டால், உருகிய இரும்பை ஊற்றியவுடன் அவ்வீரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி உள்ளேயே அடைபட்டு, வார்ப்பிற் புழைகளை உண்டாக்கிவிடும். ஈரத்தைக் குறைப்பதும், கம்பியாற் குத்தி ஆவி போக வழிவிடுவதும் அதற்கு மாற்று. கணபதியிலோ சிங்காநல்லூரிலோ வார்ப்பாலையிற் பணிசெய்யும் எவனும் இதை உறக்கத்திற் கேட்டாலும் சொல்வான். இதையே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் கட்டுரையாக எழுது என்றால் அவன் தாளை வெறிதே விட்டு எழுகின்றான். வார்ப்பாலையை எட்டியும் பாராத பதினெட்டு அகவை இளைஞன் பொத்தக வரிகளை நெட்டுருப் போட்டு எழுதித் தேறிவிடுகின்றான். எதை அளக்கிறது இத்தேர்வு? பொறியியல் அறிவையா, ஆங்கிலத்தையா?

கம்பியொன்றை மேலும் கீழும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். ஆங்கிலர் அதனைப் ‘பட்டீக்கு’ என்கின்றனர். ஏதோ அரிய கலைச்சொல் போலும் என்று இங்குள்ளவன் மலைக்கின்றான். களைப்பு என்பதே அதன் பொருள். உழைத்துச் சோர்ந்த ஆங்கிலத் தொழிலாளி வீட்டில் வழங்கும் சொல்தான் அது. ஆங்கிலனுக்குப் பாடநூல் அவன் வீட்டுச் சொல்லிலேயே பேசுகிறது. தமிழனுக்கு அதே கருத்து வேற்றொலியாய் வந்து அச்சுறுத்துகிறது. இரும்பு களைத்துவிட்டது என்று சொன்னால் விளங்காத தமிழ்த் தொழிலாளி ஒருவனாவது உண்டோ?

மாலைக் கல்வி இங்கிலாந்திலும் தொழிலாளர்க்கென்றே பிறந்தது. கிளாசுகோ நகரில் இயற்கை அறிவியல் கற்பித்த சியார்ச்சு பிர்க்பெக்கு என்பார், தம் ஆய்வுக் கருவிகளைச் செய்துதந்த கைவினைஞர்கள் அக்கருவிகளின் இயக்கத்தை அறிய அவாவி நின்றதைக் கண்டு, அவர்கட்கென்றே தனி வகுப்பு நடத்தினார். பின்னர் 1823இல் இலண்டனில் தொழில்வினைஞர் கழகம் அவர் முன்னிற்கத் தோன்றியது. அதுவே பிற்காலத்தில் அவர் பெயராலேயே கல்லூரியாகி, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, மாலைக் கல்விக்கே பெயர் பெற்றது. அங்கே கொல்லனுக்கும் தச்சனுக்கும் எம்மொழியிற் கற்பித்தனர்? அவனவன் வீட்டிற் பேசிய ஆங்கிலத்தில். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்புவரை இலத்தீனே அங்குக் கற்றோர் மொழி. நியூட்டன் 1687இல் தம் பெருநூலை இலத்தீனில்தான் எழுதினார். 1704இல் ஒளிநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இலத்தீனிற்றான் அறிவியல் இருக்கிறது, முதலில் அதைக் கற்றுக்கொண்டு வா என்று பிர்க்பெக்கு அத்தொழிலாளரைத் திருப்பி விடுத்திருந்தால், இன்று அக்கல்லூரியும் இருந்திராது. ஆங்கிலனிடம் கடன் வாங்கியவர்கள் அவன் மாலைக் கல்லூரியை மட்டும் வாங்கினார்கள்; அதன் உயிர்நிலையை விட்டுவிட்டார்கள்.

தமிழில் முடியாது என்பார்க்கு யாழ்ப்பாணம் விடை சொல்லும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசு கிரீன் தாம் தமிழ் கற்று, 1864இலேயே மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கித் தந்தார். மருத்துவத்திற்கு இயன்றது பொறியியலுக்கு இயலாதோ? கோவையே கூட இதற்குச் சான்று. 1960இல் தமிழ்வழிப் பட்டப்படிப்பு முதன்முதலிற் கால்கொண்டது கோவை அரசினர் கலைக் கல்லூரியில். பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராய் விளங்கிய தாமோதரனார் ‘கலைக்கதிர்’ என்னும் அறிவியல் திங்களிதழைத் தமிழில் நடத்தியவர். தமிழில் அறிவியல் இதழ் வளர்த்த அதே ஊரில், மாலையில் தமிழ்த் தொழிலாளிக்குப் பொறியியல் ஆங்கிலத்தில் ஊட்டப்படுவதை என்னென்பது!

பணிசெய்துகொண்டே கற்றுயர்வது தமிழர்க்குப் புதிதன்று. பாவாணர் பள்ளி ஆசிரியராயிருந்துகொண்டே 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்வில் தேறினார். திருப்பத்தூரில் வட்ட அலுவலக எழுத்தராய் வாழ்வைத் தொடங்கிய மு. வரதராசனார், கல்லூரியில் அமராமலே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் முதன்மை பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருமானார். அவர்கள் ஏறிய ஏணியின் படிகள் தமிழாற் செய்யப்பட்டவை. ஆங்கிலத்தில்தான் விடையெழுத வேண்டுமென்று அன்று மதுரைச் சங்கம் சொல்லியிருந்தால் சிற்றூர் ஆசிரியர் எத்தனைபேர் புலவராகியிருப்பர்?

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் அது பள்ளியை விட்டு நேரே வரும் இளைஞர்க்கான பகல் வகுப்பு. தமிழிற் படித்தால் எவன் பணி தருவான் என்ற அச்சம் அவ்விளைஞரையும் பெற்றோரையும் பிடித்தாட்டியது, சேர்க்கை குன்றியது. 2023இல் பதினோர் உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியபின் அவ்வறிவிப்பைப் பின்வாங்கிக்கொண்டனர். இங்கேதான் ஆள்வோர் ஓர் உண்மையைக் காணத் தவறினர். மாலை வகுப்பிற்கு வருகின்றவனுக்கு அவ்வச்சம் இல்லை. அவன் ஏற்கெனவே பணியிலிருப்பவன். அவனுக்கு வேண்டுவது பட்டமும் அதற்குரிய அறிவும். தமிழ்வழிப் பொறியியல் வேரூன்ற அவனைவிட ஏற்ற நிலம் எங்குண்டு? விதையைப் பாறையில் தூவிவிட்டு, முளைக்கவில்லையே என்று விதையைப் பழித்தனர். உழுது வைத்த வயல் அருகிலேயே கிடந்தது.

அன்றியும், தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் என்று 2010இல் சட்டம் செய்தனர். 2020இல் வந்த திருத்தம், பட்டம் மட்டுமின்றிப் பள்ளிப் படிப்பும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று இறுக்கியது. போலிகளைத் தடுக்க அது வேண்டியதே. ஆயினும், பள்ளியில் முற்றும் தமிழிலேயே படித்த உழைப்பாளி, மாலைக் கல்லூரியில் தமிழ்வழி இன்மையால் ஆங்கிலத்திற் பட்டம் பெறுகின்றான்; பட்டத் தகுதிப் பணிகளில் அவ்விருபதில் ஓரிடம் கேட்கும் உரிமையை அந்தப் பட்டமே பறித்துவிடுகிறது. ஒரு கையால் தந்து மறுகையாற் பிடுங்குவது இதுவே.

அயல்நாட்டுப் பொறிகளின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்பர் சிலர். இருக்கட்டும். ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாகக் கற்பிக்கட்டும்; கையேடு படித்தறியும் அளவிற்குக் கற்பிக்கட்டும். செருமன் பொறியை இயக்குகின்றவன் செருமன் மொழியில் தேர்வெழுதியா வந்தான்?

தமிழ்ப் பற்றாளர்க்கும் இதில் ஒரு கடனுண்டு. ஒரு பொறிக்கு ஐவர் ஐந்து பெயரிட்டு, ஐந்தும் ஏட்டிலேயே உறங்குவதால் ஆவதில்லை. ‘லேத்து’ என்று ஆங்கிலப் பெயரால் வழங்கும் தொழிலாளியே, அதில் நடக்கும் வினையைக் கடைசல் என்று தூய தமிழிற் சொல்கின்றான். உலை, அச்சு, வார்ப்பு, தீட்டல், மரை என்று அவன் நாவில் உயிரோடிருக்கும் சொற்களைத் திரட்டாமல், அறைக்குள்ளிருந்து சொல் வார்ப்பவர் பட்டறைக்கு ஒருமுறை போய்வருவது நலம். மாலைக் கல்லூரி மாணவர்களே அச்சொற்களைத் தொகுத்துத் தரவல்லார். மூன்றரை ஆண்டில் ஒரு வகுப்பு ஓர் அகரமுதலியையே உருவாக்கிவிடும்.

உடனே செய்யத்தக்கன செலவு மிக்கனவும் அல்ல. பணிபுரிவோர்க்கான பட்ட வகுப்புகளில் வினாத்தாள் இருமொழியிலும் அச்சிடப்படல் வேண்டும். விடையைத் தமிழில் எழுதலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் ஆணையிடல் வேண்டும். தமிழ்வழிப் பகல் வகுப்பிற்கென எழுதப்பட்டுள்ள பாடக் குறிப்புகளை மாலை மாணவர்க்கும் வழங்குதல் வேண்டும். அதற்கென விண்ணப்பம் எழுதிப் பட்டறை வாயில்களில் மாலை மாணவரின் கையொப்பம் பெறும் வேலையைக் கோவைத் தமிழ்மன்றங்கள் அடுத்த பருவச் சேர்க்கை தொடங்குமுன் மேற்கொள்ளட்டும்.