உஸ்ஸ்ஸுக்கு ஒரு ஸ்க்ரூ

பெங்களூர்ல பொட்டி தட்டற நம்ம கண்மணிகளுக்கு ஒரு விண்ணப்பம். டர்போ கார் வாங்குங்க, சந்தோஷம். ஈஎம்ஐ கட்டுங்க, பேங்க்காரனுக்கு அதைவிட சந்தோஷம். ஆனா கார் வந்த மறுமாசமே ஒரு ப்ளோ-ஆஃப் வால்வை வாங்கி மாட்டி, ஆலன் கீயால அதுக்கு சுருதி சேர்க்கறீங்க பாருங்க, அதை மட்டும் விட்டுடுங்க. திட்டறவங்க முழுசாப் படிச்சுட்டுத் திட்டலாம் :-)

முதல்ல அந்த வால்வு எதுக்கு? ஆக்ஸிலேட்டரை மிதிச்சா டர்போ காத்தை அழுத்தி எஞ்சினுக்குத் தள்ளுது. சட்டுன்னு காலை எடுத்தா த்ராட்டில் கதவு மூடிக்குது. டர்போவோ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கு. கதவுல முட்டின காத்து திரும்பி வந்து கம்ப்ரஸர் சக்கரத்தையே அறையும். இதுக்குப் பேர் சர்ஜ். அந்தக் காத்துக்கு ஒரு சந்து வழி விடறதுதான் வால்வோட வேலை. பெட்ரோல் கார்ல கம்பெனி வைக்கிற வால்வு அந்தக் காத்தை மறுபடி டர்போவோட வாய்க்கே அனுப்பிடும். சத்தம் போடாத பிள்ளை.

அந்த அடக்கம்தான் நம்மாளுங்களுக்குப் பிடிக்கறதில்லை. 2001-இல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' பார்த்த தலைமுறை இல்லையா? காத்தை வெளியில துப்பற வால்வுதான் வேணும். துப்பினா என்ன ஆகும்? ஏர் ஃப்ளோ மீட்டர் வச்ச கார்ல, உள்ள வந்த காத்தை ஈசியூ ஏற்கெனவே எடை போட்டாச்சு. கல்யாண வீட்ல நூறு தலை எண்ணி சமையல்காரர்கிட்ட சொல்லியாச்சு, முப்பது பேர் பந்திக்கு முன்னாடியே பின்வாசல் வழியா நழுவிட்டாங்கன்னு வைங்க. சோறு மட்டும் நூறு பேருக்கு வெந்திருக்கும். இங்க மிஞ்சற சோறு பெட்ரோல். கரும்புகை, குலுக்கல், ப்ளக்ல கரி, கடைசியில கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் சங்கு.

"என் கார்ல மேப் சென்சர்தான், அந்தப் பிரச்சினை இல்லை"ன்னு ஒருத்தர் கிளம்புவார். சரி, ஒத்துக்கறேன். அந்த வண்டிகள்ல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. அப்படின்னா லாபம் என்னன்னு சொல்லுங்க. பிக்கப் கூடுமா? மைலேஜ் கூடுமா? ரெண்டும் கிடையாது. சத்தம்தான் கூடும்.

இதைவிடக் கொடுமை டீசல்காரங்க. பெட்ரோல் கார் மாதிரி காலை எடுத்ததும் காத்தோட வழியை அடைக்கிற வேலையே டீசல் எஞ்சினுக்கு இல்லை. அதனால இந்த வால்வுக்கு அங்கே தேவையும் இல்லை. ஆனாலும் பெடல்ல ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒயர் இழுத்து ஒரு மின்சார வால்வு, காலை எடுத்தா 'உஸ்ஸ்ஸ்'! காசு குடுத்து பஞ்சர் சத்தம் வாங்கறது உலகத்துலயே நம்மளாத்தான் இருக்கும்.

இப்ப அந்த ஸ்க்ரூ விஷயம். இறுக்கினா உள்ள ஸ்பிரிங் விறைக்கும். வால்வு லேட்டாத் திறக்கும், இல்லை பாதிதான் திறக்கும். மிச்சக் காத்து கம்ப்ரஸர்லயே மோதி, புறா சிறகடிக்கிற மாதிரி 'சுத்துத்துத்து'ன்னு ஒரு சத்தம். அதுக்காகவே இறுக்கறாங்க! எதைத் தடுக்க வால்வு வச்சாங்களோ, அதையே பொறுக்கி எடுத்து ரசிக்கிறோம். ரொம்பத் தளர்த்தினாலோ ஐடிலிங்லயே வாயைத் திறந்துக்கிட்டு, ஃபில்ட்டர் பார்க்காத நம்ம ஊர்த் தூசியை எஞ்சின் உறிஞ்சும். ஐடிலிங் மேலயும் கீழயும் ஆடும், சிக்னல்ல வண்டி அணையும்.

சிக்னல்ல அணைஞ்சா பரவாயில்லை, பின்னாடி ஆட்டோக்காரர் ரெண்டு வார்த்தை கன்னடத்துல சொல்லுவார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குக் கிளம்பறோமே, தொப்பூர் இறக்கம்? லாரிக்கு நடுவுல க்ளச்சை மிதிச்சதும் எஞ்சின் அணைஞ்சுபோனா, ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லாயிடும். வீட்ல அம்மா தோசை மாவோட காத்துக்கிட்டிருக்காங்க சாமி.

இன்னொண்ணு. 2022-இல் பெங்களூர் நடுவுல 10 கிலோமீட்டர் போக 29 நிமிஷம் 10 விநாடி ஆச்சுன்னு டாம்டாம் கணக்கு. அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். இந்த வேகத்துக்கு டர்போ கொட்டாவிதான் விடும். அதனால 'உஸ்ஸ்' கேக்கணும்னா ராத்திரி பதினொரு மணிக்கு காலி ரோடு தேடணும். ஓசூர் ரோட்ல காலியா இருக்கற இடத்துல யாரு இருக்கா? நிம்ஹான்ஸ், கித்வாய். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம், ராத்திரி அளவு 40 டெசிபல். உள்ள படுத்திருக்கறவங்க உங்க டர்போவைப் பாராட்டற நிலைமையில இல்லை.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2), 2019 திருத்தத்துக்கு அப்புறம், சத்தம் - புகை விதியை மீறினா 10,000 ரூபா வரை அபராதம் அல்லது மூணு மாசம் வரை ஜெயில் அல்லது ரெண்டும், கூடவே மூணு மாசம் லைசென்ஸ் இழப்பு. டிஎன் நம்பர் ப்ளேட் வேற. போலீஸ் கைகாட்டறதுக்குக் காரணம் தேடவே வேண்டாம்.

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லலை. ரீமேப் பண்ணி பூஸ்ட் ஏத்தினவங்களுக்கு பழைய ரப்பர் டயஃப்ரம் கிழியறது நிஜம்தான். அவங்க உறுதியான வால்வு போடட்டும், ஆனா காத்தை உள்ளயே திருப்பி அனுப்பற ரகமா. ஐடிலிங்ல மூடியிருக்கணும், காலை எடுத்ததும் தயங்காம முழுசாத் திறக்கணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஸ்க்ரூ நின்னா வேலை முடிஞ்சது. ஆலன் கீயைப் பெட்டியில போட்டுப் பூட்டிடுங்க.

உஸ்ஸ்ஸ் சத்தம் அவ்வளவு பிடிக்கும்னா ஒரு பிரஷர் குக்கர் வாங்குங்க. கூடவே சோறும் கிடைக்கும்.