குனிந்து பார்த்து வாங்குங்கள்



மழைக்காலம் நெருங்கினால் ஒடுகத்தூர், ஆலங்காயம், பேரணாம்பட்டுப் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா? கேட்பவர்கள் பொழுதுபோக்குக்குக் கேட்கவில்லை. மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்குபவர்கள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் சொந்த ஊருக்கென்று ஒரு வண்டி வாங்க நினைப்பவர்கள். புதிய மகிந்திரா தார் ஜீப் 2020இல் அறிமுகமானபோதே 9.80 லட்சம் ரூபாயில்தான் விலை தொடங்கியது. இவர்களுக்குப் பழைய வண்டிதான் வழி.

முதலில் உங்கள் பாதையைப் பாருங்கள். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் தார்ச் சாலை. ஜமுனாமரத்தூருக்கு அரசுப் பேருந்தே போகிறது. அங்கெல்லாம் போய்வர நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய தேவையே இல்லை. உயரமான சாதாரண பொலிரோ போதும், பராமரிப்பும் குறைவு. அணைக்கட்டு ஊருக்கு மேலே இருக்கும் மலைக் கிராமங்களின் கதை வேறு. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்துபோனது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, அந்தப் பிஞ்சின் உடலைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்தார். அதை நாம் மறக்கக் கூடாது. அப்படிப்பட்ட பாதையில் வாழ்கிறவர்களுக்கு முன்சக்கரமும் இழுக்கும் வண்டி ஆடம்பரம் அல்ல.

எந்த வண்டி? மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த எம்.எம். 540, எம்.எம். 550 ஜீப்புகளும், 2010இல் வந்த முதல் தாரும், ஃபோர் வீல் பொலிரோ கேம்பரும்தான் நம் பக்கத்தில் விலைக்கு வருபவை. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி எடை குறைவு, சேற்றில் அருமையாக ஏறும். ஆனால் பெட்ரோல் செலவையும், தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு உதிரிபாகம் தேடும் அலைச்சலையும் யோசித்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு என் தேர்வு மகிந்திரா டீசல்தான். அதன் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கைகள் சின்ன ஊர்ப் பட்டறையிலும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மகிந்திராவின் கமாண்டரும் மேஜரும் பார்வைக்கு அதே ஜீப்தான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டுமே இழுப்பவை.

விற்பவர் பெயின்ட்டையும் அகல டயரையும் காட்டுவார். நீங்கள் குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். டீசல் செலவை மிச்சம் பிடிக்க முன்சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்ட ஜீப்புகள் உண்டு. உள்ளே ஃபோர் வீல் லீவர் இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. ஷாஃப்ட் இருந்தாலும், வண்டியை மண் தரைக்குக் கொண்டுபோய் ஃபோர் வீல் போட்டு ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தார்ச் சாலையில் இந்தச் சோதனை கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகும். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை ஏற்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் டயர் வழுக்கிச் சமன் செய்துகொள்ளும். தார்ச் சாலையில் வழுக்க முடியாமல், இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஜாயின்ட்டுகளும் முறுக்கேறி உடையும். நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் நில்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இன்ஜின் வேலை கையைக் கடிக்கும்.

தோல் தொழில் நடக்கும் நம் பகுதிக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் தோல் மண்டிக்கும் டேனரிக்கும் வண்டியில் வரும். அதிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பாரம் ஏற்றும் தட்டின் இடுக்குகளில் இறங்கிச் சேஸிஸைத் தின்றுவிடும். பழைய கேம்பர், பிக்கப் வாங்குகிறவர்கள் அது முன்பு என்ன பாரம் ஏற்றியது என்று கேட்க வேண்டும். பதிலை நம்பி நிற்காமல், ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் சேஸிஸைப் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்னும். அரித்துப்போன இடம் மந்தமாகச் சத்தமிட்டு, செதிலாக உதிரும். புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சுற்றுகின்றன. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது, 2015லும் 2023லும் சென்னை மூழ்கியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவியவர்கள் அதன் உட்சுருளைக் கழுவியிருக்க மாட்டார்கள். சேற்றுக் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

காகித விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் தாராளம் எனக்குக் கவலை தருகிறது. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வடக்கே பட்டறைகளில் பல வண்டிகளின் பாகங்களை ஒட்டிக் கட்டிய ஜீப்புகள் அழகாகத்தான் இருக்கும், எண் மட்டும் பொருந்தாது. டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்குத் தடை வந்ததால் அங்கிருந்து மலிவாக வருபவை உண்டு, என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்டிய பிறகு அந்த மலிவு மிஞ்சுமா என்று கணக்குப் போடுங்கள். 15 ஆண்டு முடிந்த வண்டியை எஃப்.சி. காட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அரசு ஏலத்தில் 15 ஆண்டு கடந்த ஜீப்பை எடுத்து ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் அந்த வயதுள்ள அரசு வண்டிகளுக்குப் பதிவுப் புதுப்பிப்பே கிடையாது, அவை உடைப்புக்குத்தான் போகின்றன.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டதோடு கடமை முடியவில்லை. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கையில் ஐந்து லட்சம் இருந்தால் மூன்றரை லட்சத்துக்கு மேல் விலை பேசாதீர்கள். மீதி, வாங்கிய முதல் மாதத்தின் பட்டறைச் செலவு. இன்ஜின் ஆயிலோடு நிறுத்தாமல் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் இரண்டு டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் எண்ணெயை மாற்றிவிடுங்கள். முந்தைய ஓனர் எப்போது மாற்றினார் என்ற பேச்சே வேண்டாம். ஷாஃப்ட் ஜாயின்ட்டுகளுக்குக் கிரீஸ் அடியுங்கள். ஓடை கடந்து வந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் ஃபோர் வீல் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். வருடக்கணக்காகத் தொடாத லீவர், வேண்டிய இரவில் இறுகிக்கொள்ளும். மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் லோ கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்க விடுங்கள்.

மலைப் பாதையில் ஓடும் ஜீப் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உங்கள் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவையுங்கள். மழை இரவில் 108 ஆம்புலன்ஸ் ஏற முடியாத இடத்துக்கு உங்கள் வண்டி ஏறும்.

அன்புடன்,
ஆசிரியர்