நீக்கக் கூடாத நகர்வு

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வேரூன்றிய கான்ட்ரா நடனத்தில், இணைகள் நீண்ட வரிசைகளில் நிற்கின்றன. 64 எண்ணிக்கை கொண்ட ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒவ்வோர் இணையும் இடம் நகர்ந்து அடுத்த இணையைச் சந்திக்கிறது. சிறுவர்க்குக் கற்பிக்கையில் குழப்பத்தைத் தவிர்க்க இந்நகர்வையே நீக்கிவிடுவது பெரும்பிழை. விரைந்த சுழற்சிக்கு மாற்றாக இரு கை கோத்து மெல்லச் சுற்றச் செய்யலாம், அசைவுகளைக் குறைக்கலாம். நகர்வு கடினமெனில், முதல் இணை அனைவரோடும் கைகோத்துச் சுற்றிக் கடைசிக்குச் செல்லும் வர்ஜீனியா ரீலிலிருந்து தொடங்கலாம். யாரும் இணையாகத் தேர்ந்தெடுக்கத் தயங்கும் குழந்தைக்கும் எல்லாருடைய கையும் எட்டுவது இந்நகர்வினால்தான். அதை இழந்தபின் எஞ்சுவது இசைக்கேற்ற உடற்பயிற்சி மட்டுமே.