காலாற் காணும் ஊர்

ஓர் ஊரைக் காண வருவோர் இக்காலத்தில் அதனைக் காண்கின்றாரல்லர், கடந்து செல்கின்றனர். வாடகை மோட்டாரொன்றில் வைகறையிற் புறப்பட்டு, மலைக்கோட்டையின் அடியில் அரைமணி, திருவானைக்காவிற் கால்மணி, திருவரங்கத்தில் ஒருமணி என அளந்து கழித்து, நண்பகலுணவிற்குத் தஞ்சை சேர்ந்துவிடுவோர் எத்துணையர்! அவர் கையிற் படங்கள் பல; ஊரைப் பற்றி வினவினால் விடையோ சில. திருச்சியும் திருவரங்கமும் நடந்தும், நகர பஸ்ஸில் ஏறி இறங்கியும் காணற்பாலனவேயன்றிப் பிறவாற்றாற் காணற்பாலன அல்ல என்பது என் துணிபு.

முதற்கண் இவ்வூரின் அமைப்பை நோக்குக. பழைய கோட்டையின் மதிலும் அகழியும் மறைந்துபோயின; மெயின்கார்டு கேட் என்னும் வாயில் மட்டும் எஞ்சி நிற்கின்றது. மதில் சென்ற வழியை எங்ஙனம் அறிவது? சாலையின் பெயரே சொல்லும். மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு என்பவற்றைக் கேட்டுப் புலிக்கும் அவற்றிற்கும் யாதோ உறவுண்டென்று யான் முதலாண்டில் எண்ணியதுண்டு. 'பூல்வார்' என்னும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வாயிலாக வந்து நம்மவர் நாவிற் புலியாயிற்று. அச்சொல்லோ மதிலை இடித்தவிடத்து அமைத்த அகன்ற சாலைக்கு ஐரோப்பியர் வழங்கியது. ஆகவே, அப்பெயரைப் பற்றிக்கொண்டு நடப்பவன் கோட்டையைத் தன் காலாலேயே அளந்தவனாகின்றான். மோட்டாரில் விரைவோனுக்கு அது நெரிசலான கடைத்தெரு, அவ்வளவே.

அரைமணி நடைக்குள் இவ்வூர் காட்டுவன பல. தெப்பக்குளம், அதனருகே சுவார்ட்ஸ் ஐயர் 1766-இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம், வானைத் தொட நிமிர்ந்த லூர்து அன்னை ஆலயக் கூர்ங்கோபுரம், சிறிது தெற்கே நத்தர்வலி தர்கா, இவையனைத்திற்கும் மேலே தாயுமானவரும் உச்சிப்பிள்ளையாரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இளமையில் வாழ்ந்து மாணவர்க்குப் பாடஞ் சொன்னதும் இவ்வூரிலேயே. தமிழ் சிறப்பு வகுப்பில் அவர் பெயரை ஏட்டிற் படிக்கின்றோம். அவர் நடந்த வீதிகளை நம்முள் எத்துணைப் பேர் மிதித்தோம்?

மலையின் படிகள் 400-க்கு மேற்பட்டவை. ஏறுவோர் பெரும்பாலார் உச்சியையே குறிக்கொண்டு மூச்சிரைக்க விரைகின்றனர். இடையில், பல்லவ வேந்தன் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டிற் குடைவித்த குகையொன்று உளது. அதில் வடமொழியில் வெட்டப்பெற்ற பாட்டொன்றின் கருத்து மிகச் சுவையுடைத்து. ஆறுகளை விரும்பும் இயல்பினரான சிவபெருமான் காவிரியைக் கண்டு காதல் கொண்டுவிடுவாரோ என்றஞ்சிய மலைமகள், தந்தையின் இல்லத்தை விட்டு இம்மலையிலேயே வந்து தங்கி, 'இவள் பல்லவனுக்கு உரியவள்' என்று சொல்லிக்கொண்டிருக்கின்றாளாம்! கல்லிற் பொறித்த இக்குறும்பைக் கேட்டபின் வடக்கே நோக்குக. காவிரி கிடக்கும் அகலமும், அப்பால் அரங்கத்துக் கோபுரங்களும் தோன்றும். பாட்டும் பொருளும் ஒருங்கே விளங்கும் இடம் அதுவே. அங்கே எந்த மோட்டாரும் ஏறாது.

நிற்க. நடையே போதும் என்று யான் கூறவில்லை. ஊர் பெரிது, வெயிலும் பெரிது. எனவேதான் பஸ்ஸையும் சேர்த்துக் கூறினேன். 2025-இல் பஞ்சப்பூரிற் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டபின் வெளியூர் பஸ்கள் பல அங்கே சென்றுவிட்டன. ஆயினும், மத்திய பஸ் நிலையத்திற்கும் திருவரங்கத்திற்கும் இடையே ஓடும் ஒன்றாம் எண் பஸ் நம் ஊரின் நாடியெனலாம். அதிற் பூக்கூடையும் ஏறும், புத்தகப் பையும் ஏறும், பட்டுப்புடவையும் ஏறும். சத்திரத்தைக் கடந்து, 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தின்மீது அது செல்லுங்கால், நின்றுகொண்டு வருவோர் பலர் ஆற்றை எட்டிப் பார்க்கின்றனர். நீர் வந்ததா என்பதே அப்பார்வை. 2022-இன் பிற்பகுதியிற் பழுதுபார்ப்பதற்காக அப்பாலத்தை மூடியபோது பஸ்கள் சுற்றுவழியிற் சென்றன; ஆற்றுக்கு இருகரையும் ஓரூரே என்பதை அம்மாதங்களில் மக்கள் நன்குணர்ந்தனர்.

2021 முதல் நகர சாதாரண பஸ்களிற் பெண்டிர்க்குக் கட்டணமில்லை. இதனை ஏளனஞ் செய்வோர் நம் கல்லூரி மரத்தடியிலும் உளர். அன்னார்க்கு ஒன்று கூறுவேன். எம் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியார் நகரின் ஓரத்தே எழுபதாண்டு வாழ்ந்தவர். அரங்கத்தைத் தம் வாழ்நாளில் இருமுறையே, அதுவும் பிறர் அழைத்துச் சென்றபோதே, கண்டவர். இப்போது ஏகாதசிதோறும் தாமே பஸ் ஏறிச் சென்று வருகின்றார். வரும் வழியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் அரைநாழிகை வாளா அமர்ந்திருக்கின்றாராம். "என்ன பாட்டி பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "ஆத்தைப் பார்த்தேன்" என்பாராம். ஊர் காணல் பொருளுடையார்க்கே உரிய இன்பமென்று யாரோ எழுதிவைத்த விதியை அம்மூதாட்டி சீட்டின்றியே அழித்துவிட்டார்!

திருவரங்கத்தில் இறங்கியோர் இராசகோபுரத்தை அண்ணாந்து நோக்கிப் படமெடுத்து உள்ளே விரைதல் வழக்கம். 236 அடி உயர்ந்த அக்கோபுரம் நூற்றாண்டுகள் பல மொட்டைக் கோபுரமாய் நின்று 1987-இலேயே முற்றுப்பெற்றது என்பதை அறிவோர் சிலரே. ஆயின், அரங்கத்தின் தனிச்சிறப்பு கோபுரமன்று. கோயிலின் திருச்சுற்றுக்குள்ளேயே ஊர் குடியிருத்தல். அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்தர வீதி என ஒன்றனுள் ஒன்றாய் வீடும் கடையும் பள்ளியும் அமைந்து மக்கள் வாழ்கின்றனர். சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதி; தைத்தேர் ஓடுவது உத்தர வீதி. நாட்காட்டியே இங்கு வீதியாய்க் கிடக்கின்றது. இவ்வீதிகளை ஒருமுறை சுற்றி நடவாதவன் அரங்கத்தைக் கண்டேன் என்று கூறுதல் தகாது.

கிறிஸ்தவனாகிய யான் உள்ளே ஓரெல்லைக்கு மேற் செல்லலாகாது. அவ்வறிவிப்பைக் கண்டு வருந்துவாயோ என்று நண்பர் சிலர் கேட்டதுண்டு. பிறர் இல்லத்துப் பூசையறை வாயிலில் நின்றுவிடுவதை நாம் குறையாகக் கொள்வதில்லை. திண்ணையில் அமர்ந்து உரையாடவே ஒருநாள் போதாத இல்லம் அது. கம்பர் தம் காப்பியத்தை அரங்கேற்றியதாக வழிவழிச் சொல்லப்படும் மண்டபத்தினருகே நின்றதே எனக்குப் பெரும்பேறு.

ஆயினும், நடப்போர்க்கு இவ்வூர் நல்லது செய்கின்றதா என்றால் இல்லையென்றே கூறவேண்டும். பெரிய கடைவீதியிலும் தெப்பக்குளத்தைச் சூழவும் நடைமேடை என்பது பெயரளவே. அதன்மேற் சரக்கும் இருசக்கர வண்டியும் குடியேறிவிட்டன. கைக்குழந்தையுடன் வரும் தாய் வண்டிகளுக்கிடையே இறங்கி நடக்கின்றாள். பஸ் நிற்குமிடங்கள் பலவற்றில் எந்த எண் எங்கே செல்லுமென்று தமிழில் எழுதிய பலகையில்லை. வெளியூரான் பிறர் முகம் பார்த்தே ஏறவேண்டும். கோடி கோடியாகச் செலவிட்டுப் புதிய காட்சிகளை அமைப்பதினும், நிழலுள்ள நடைமேடையும் குடிநீர்க் குழாயும் எழுத்துப் பலகையும் முதலில் வேண்டும். ஊராள்வோர் ஒருநாள் மட்டும் மெயின்கார்டு கேட்டிலிருந்து மலையடி வரை நண்பகலில் நடந்து பார்ப்பாராக. வேறு மனு வேண்டா.

நம் அளவிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் வரும் புதிய மாணவர்க்குத் தமிழ் மன்றத்தார் ஒருநாள் இவ்வூரைக் காட்டுவாராக. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மெயின்கார்டு கேட்டிற் கூடி, வெயிலேறுமுன் மலையேறி இறங்கி, சத்திரத்தில் ஒன்றாம் எண் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதரைக்குள் சித்திரை வீதியில் நிற்கலாம். பெண்டிர்க்குச் சீட்டுச் செலவில்லை. ஆடவர்க்கும் அது சிற்றுண்டிச் செலவினும் குறைவே. குடை மட்டும் மறவாது கொணர்க.