யந்திரமும் நம் வாலிபரும்

ரப்பர் மரம் நின்ற இடத்திலே செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்திலே இன்று அடுக்கு வீடுகள் எழும்புகின்றன. லயத்தை இடிக்க வந்த மண்தோண்டி யந்திரத்தை, ஹைமேக் என்றும் ஜெங்காவுட் என்றும் இந்நாட்டில் வழங்கும் அந்தச் சங்கிலிச் சக்கரப் பூதத்தை, நம் தோட்டத்து மக்கள் கண்ணீரோடு பார்த்து நின்றதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அக்கூட்டத்திலே நின்ற சிறுவர் சிலருடைய கண்கள் இடிந்து விழும் சுவரைப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் அமர்ந்து இரண்டு கைப்பிடிகளால் இருபது டன் இரும்பை ஆட்டி வைக்கும் மனிதனையே அவை பார்த்தன. "நானும் ஒருநாள் அங்கே உட்காருவேன்" என்று அச்சிறுவர் எண்ணினால் அதில் குற்றம் யாது? பாட்டன் மண்வெட்டி பிடித்துச் சாலையும் ரயில் பாதையும் போட்ட நாட்டிலே, பேரன் யந்திரம் பிடிக்க விரும்புவது நியாயமான ஆசையேயன்றோ?

அவ்வாசையை நம்மவர் என்ன செய்கிறார்கள் என்பதே நம் வழக்கு.

பள்ளியை விட்ட பையனை மாமனோ சித்தப்பனோ ஒரு கண்டிராக்டரிடம் கொண்டுபோய் விடுகிறார். அன்றுமுதல் அவன் கெலிண்டான். விடியுமுன் யந்திரத்தின் சேற்றைக் கழுவுகிறான், டீசல் ஊற்றுகிறான், மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் அடிக்கிறான். எண்ணெய் குறைந்ததா, குழாய் கசிகிறதா, சங்கிலி தளர்ந்ததா என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறான். ஆப்பரேட்டர் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கும் அரைமணி நேரத்திலே கைப்பிடியைத் தொட்டுப் பழகுகிறான். இரண்டு மூன்று வருஷத்தில், ஆப்பரேட்டர் வராத நாளெல்லாம் யந்திரம் அவன் கையில்தான். வேலை ஆப்பரேட்டர் வேலை. கூலி மட்டும் கெலிண்டான் கூலி! அதுவும் அன்றாடக் காசாகக் கையில் திணிக்கப்படும். சேமநிதி கிடையாது; சொக்சோ கிடையாது; சம்பளச் சீட்டு என்பதை அவன் கண்ணால் கண்டதில்லை. 2025-ஆம் வருஷத்திலே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றாயிற்று. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அவ்வருஷம் ஆகஸ்டு முதல் அது பொருந்தும். ஆனால் கணக்கிலேயே பெயரில்லாதவனுக்குச் சட்டம் எங்ஙனம் துணை நிற்கும்?

நாம் அறிந்த வாலிபர் ஒருவர் இவ்வாறு ஏழு வருஷம் உழைத்தார். ஒருநாள் பெரிய வேலைத்தலம் ஒன்றின் வாயிலிலே "சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். சட்டையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து நீட்டினார். அவ்வட்டை 1994-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பெயர் பதிந்ததற்கு அடையாளம். வேலைத்தலத்துக்குள் கால் வைக்க அது வேண்டும். யந்திரம் ஓட்டத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சியன்று. இவ்வேறுபாட்டை ஏழு வருஷத்தில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு வழியில்லாமற் போகவில்லை. மலேசியத் திறன் சான்றிதழைப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்துதான் பெறவேண்டும் என்பதில்லை. 2006-ஆம் வருஷத்துத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அச்சான்றிதழை, முன்னமே செய்த வேலையைச் சான்றுகளோடு காட்டியும் பெறலாம். பி.பி.தி. என்று மலாயில் சுருக்கி வழங்கும் முறை அதுவே. எந்த யந்திரம், எந்த இடம், எத்தனை காலம், என்ன வேலை என்று கோவையாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வார். வாலிபர் மகிழ்ந்தார். முதலாளியிடம் சென்று, "இத்தனை வருஷம் தங்களிடம் வேலை செய்தேன் என்று ஒரு கடிதம் தாருங்கள், ஐயா" என்று கேட்டார்.

முதலாளி மறுத்தார். "கடிதம் கொடுத்தால் நீ நாளைக்கே வேறிடம் போய்விடுவாய்" என்றாராம்.

அம்முதலாளி சீனரல்லர், வெள்ளைக்காரரல்லர், நம்மவர்! திருவிழாவில் அன்னதானம் செய்பவர். மேடையிலே சமூக முன்னேற்றம் பற்றிப் பேசிப் பொன்னாடை ஏற்பவர். ஆயிரம் பேருக்குச் சோறு போட மனம் உண்டு. ஏழு வருஷ உழைப்புக்கு நான்கு வரி எழுத மனமில்லை. 1938-இல் இந்திய சர்க்கார் கூலியாட்களின் பிரயாணத்துக்குத் தடை போட்டதோடு கங்காணி ஆள் பிடித்து வருவது ஓய்ந்தது. கடனாலும் நன்றியாலும் ஆளைக் கட்டி வைக்கும் கங்காணி மனம் ஓயவில்லை. "நான்தானே உனக்குத் தொழில் காட்டினேன்" என்னும் வார்த்தை அம்மனத்தின் குரலேயாகும். தொழில் காட்டியவருக்கு நன்றி வேண்டும். ஆனால் நன்றி என்பது ஆயுள் தண்டனையா?

நிற்க, "கைப்பழக்கம் போதும், காகிதம் எதற்கு?" என்று வாதிடுவோர் உண்டு. பழைய ஆப்பரேட்டர்கள் பலர் அப்படியே சொல்கிறார்கள். அவர்கள் கைத்திறனை நாம் மதிக்கிறோம். அவர்கள் முட்டைக்கோதுபோல் மண்ணைச் சீவுவதைப் பார்த்து வியந்திருக்கிறோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம். கைப்பிடிகளின் அமைப்பிலேயே இருவகை உண்டு. இடக்கைப் பிடியை முன்னே தள்ளினால் ஒரு யந்திரத்தில் முன்கை நீளும். மற்றொன்றில் பெருங்கை கீழே இறங்கும். ஒருவகையிலே கை ஊறிப்போனவர் மற்றதில் ஏறி அவசரத்தில் தள்ளினால், குழிக்குள் நிற்பவன் கதி என்ன? பள்ளத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது, தலைக்குமேல் மின்கம்பி போனால் என்ன செய்வது, பூமிக்கடியில் குழாயோ கம்பியோ உண்டா என்று யாரைக் கேட்பது, யந்திரம் சுழலும் வட்டத்துக்குள் ஆள் வராமல் எப்படிக் காப்பது? இவையெல்லாம் சோற்று நேரத்து அரைமணியில் வருவனவல்ல. பாரம் தூக்கும் கிரேனை ஓட்டுவோர் தொழிற்பாதுகாப்பு இலாகாவிலே பதிவு பெற்றே ஆகவேண்டும் என்று விதித்திருப்பது விளையாட்டுக்கா? பொதுச் சாலையிலே கனரக யந்திரத்தை ஓட்டப் போக்குவரத்து இலாகா தனி லைசென்சு வைத்திருப்பதும் வீணுக்கா? காகிதம் இல்லாதவன் விபத்தில் சிக்கினால், "உன்னை யார் ஏறச் சொன்னது?" என்று முதற்கேள்வி கேட்பவர், ஏறச் சொன்ன அதே முதலாளியாகத்தான் இருப்பார்.

பெற்றோரையும் விட்டுவிட முடியாது. "மண்ணிலே புரளும் வேலைக்கா பிள்ளையைப் பெற்றோம்?" என்கிறார்கள். குளிர் அறையிலே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் உத்தியோகம். கூண்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கூலியாம்! பெண் கொடுக்கிறவர்களும் இவ்வாறே தராசு பிடிக்கிறார்கள். ஐந்தாம் படிவத்தில் தவறியவனைத் தனியார் கல்லூரி ஒன்றில் கடன்பட்டுச் சேர்த்து, அவன் பாதியில் நின்ற பிறகு லாரிக்கு அனுப்புகிறார்கள். முதலிலேயே திறன் பயிற்சிக்கு அனுப்பியிருந்தால், அதற்குக் கடன் கொடுக்கவே திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் இருக்கிறது என்பதை விசாரித்தவர் எத்தனை பேர்? பெண்பிள்ளைகளைப் பற்றியோ பேச்சே இல்லை. மண்ணைத் தோண்டுவது எண்ணெயின் அழுத்தம். கைப்பிடியை அசைக்க வேண்டுவது நிதானம். நிதானத்திலே நம் பெண்கள் குறைந்தவர்களா?

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. யந்திரத்தோடு நின்று படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறீர்கள். அதே படத்தில் தேதியையும் இடத்தையும் குறித்து வைப்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இன்று இரண்டு வெள்ளி ஆகட்டும். அதில் நாள், வேலைத்தலம், யந்திரத்தின் வகை, ஓட்டிய மணி எழுதுங்கள். மேற்பார்வையாளர் கையெழுத்தை வாரம் ஒருமுறை வாங்குங்கள். சேரும்போதே சேமநிதியும் சொக்சோவும் உண்டா என்று கேளுங்கள். சேமநிதிக் கணக்கிலே மாதந்தோறும் விழும் பணம், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்குச் சான்று. எந்த முதலாளியும் அதைப் பின்னர் மறைக்க முடியாது.

நாம் சொன்ன வாலிபர் இன்னும் அதே கண்டிராக்டரிடம் கெலிண்டான் கூலிக்கு யந்திரம் ஓட்டுகிறார். அவருடைய கோவையில் படங்கள் இருக்கின்றன. உடன் வேலை செய்தோர் இருவர் எழுதிக் கொடுத்த குறிப்புகள் இருக்கின்றன. முதற் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அம்முதலாளி இப்பத்திரிகையை வாசிப்பவர் என்பது நமக்குத் தெரியும். அவர் பெயரை நாம் எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். "இன்னார் என்னிடம் இன்ன வருஷம் முதல் மண்தோண்டி யந்திரம் ஓட்டி வருகிறார்" என்று ஒரு தாளில் எழுதிக் கீழே கையெழுத்திட்டு, நாளைக் காலை வேலை தொடங்குமுன் அந்தப் பிள்ளையின் கையிலே கொடுக்கட்டும்.