அணிற்பிள்ளையின் வயிறு

அணிலைப் 'பிள்ளை' என்று சொல்லும் மொழி தமிழ். கிளிக்கும் கீரிக்கும் தென்னங்கன்றுக்கும் கிடைத்த சலுகை அணிலுக்கும் உண்டு. தொல்காப்பிய மரபியல் இன்னும் துல்லியமானது. அணிலை மூன்று வரியுடையது என்று அடையாளம் காட்டி, அதன் இளமைக்குக் குட்டி, பறழ் என்ற பெயர்களைத் தருகிறது. விலங்கியல் நூல்களும் தென்னிந்திய அணிலை மூவரி அணில் என்றே சொல்கின்றன. வடக்கே பெரும்பாலும் ஐந்து வரி. பெயர் வைப்பதில் இவ்வளவு அக்கறை காட்டும் நாம், கூட்டிலிருந்து விழுந்த பறழைக் கையில் எடுத்ததும் செய்யும் முதல் காரியம், அதன் வாயில் பசும்பாலை ஊற்றுவது.

திருவனந்தபுரத்தில் ஜூன் மழையும் காற்றும் வந்தால் மரங்களிலிருந்து கூடுகள் விழும். தென்னையின் கொண்டையைச் சுத்தம் செய்யும்போதும் நார்க்கூடு கீழே வரும். உள்ளே இரண்டு மூன்று குட்டிகள். இரண்டு நாள் கழித்து வயிற்றுப்போக்கு. உடனே பக்கத்து வீட்டில் 'விர' என்பார்கள். தமிழ் வீடுகளில் 'வயிற்றில் பூச்சி' என்பது போல. குழந்தைகளுக்கு வாங்கிய பூச்சி மருந்து புட்டியிலிருந்து ஒரு சொட்டு அணிலுக்கும் போகும்.

இங்கேதான் ஆபத்து. கண் திறக்காத குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புழுவை அல்ல. பாலையும் குளிரையும் அளவுக்கு மீறிய ஊட்டலையும்தான். பசும்பாலின் சர்க்கரை அதற்குச் செரிக்காது. குளிர்ந்த உடலுக்கு எந்த உணவும் செரிக்காது.

கண் திறந்து, கொறிக்கத் தொடங்கி, அழுக்குத் துணியில் பல நாள் கிடந்த குட்டியின் கதை வேறு. நன்றாகத் தின்கிறது, எடை ஏறவில்லை. வயிறு உப்பியிருக்கிறது, முதுகெலும்பு தெரிகிறது. மயிர் பொலிவிழந்திருக்கிறது. மலம் சளியோடு, நாற்றத்தோடு, சில சமயம் ரத்தத்தோடு வருகிறது. நூல் போன்ற புழுவோ அரிசி போன்ற துணுக்கோ கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். ஆனால் பெரும்பாலும் எதுவும் கண்ணில் படாது. தினமும் காலையில் கிராம் கணக்கில் எடை பார்ப்பதே நம்பகமான சாட்சி.

'பூச்சி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பவை குறைந்தது மூன்று வகை: உருளை, நாடாப் புழுக்கள், காக்சிடியா என்ற ஓரணு உயிரி, ஜியார்டியா என்ற இன்னொன்று. பின்னிரண்டும் புழுக்களே அல்ல. ஹாலந்தின் லேவன்ஹூக் 1674இல் முயலின் பித்தநீரில் காக்சிடியாவையும், 1681இல் தன் மலத்திலேயே ஜியார்டியாவையும் தன் சிறு கண்ணாடியில் கண்டார். இன்றும் வழி அதுதான். சில மணி நேரத்துக்குள் எடுத்த மலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால், அடர்ந்த உப்புக் கரைசலில் முட்டைகளை மிதக்கவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். ஜியார்டியாவைத் தேட, புது மலத்தை அப்படியே கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்க வேண்டும்.

எது என்று தெரிந்தால்தான் மருந்து. உருளைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல்; அது ஜியார்டியாவுக்கும் உதவும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல். காக்சிடியாவுக்கு சல்ஃபா வகையோ டால்ட்ராசுரிலோ; புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 30 கிராம் குட்டி, 30 கிலோ நாயின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கை தவறிய ஒரு சொட்டே விஷம்.

மருந்துக்கு முன்னால் வெப்பம், பிறகு நீர். தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு நின்றுவிடுகிறதா? உடலில் நீர் வற்றிவிட்டது. 1971இல் வங்காள அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் காலரா நோயாளிகளை உப்பு-சர்க்கரைக் கரைசலால் காப்பாற்றினார். அந்தப் பாடம் அணிலுக்கும் பொருந்தும். குட்டியை வெதுவெதுப்பாக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். குப்புறப் பிடித்துக் கொடுங்கள். மல்லாத்தினால் நுரையீரலுக்குப் போகும்.

மருந்து பாதி, துணி மீதி. மலத்தோடு வெளிவரும் காக்சிடியா முட்டை அப்போதே தொற்றாது; ஈரத்திலும் வெப்பத்திலும் ஓரிரு நாள் முதிர வேண்டும். நம் மலையாளக் கரையின் மழைக்காலம் அதற்கு வேண்டியதெல்லாம் தருகிறது. ஃபினைல் அதைக் கொல்லாது, கொதிநீர் கொல்லும். ஆகவே விரிப்பைத் தினமும் மாற்றி வெந்நீரில் போடுங்கள். குட்டியைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ஜியார்டியாவின் சில வகைகள் மனிதரையும் விடாது.

தேறிய குட்டி கூண்டில் வளர வேண்டியதல்ல. மரத்துக்குத் திரும்ப வேண்டியது. அதற்கு வனத்துறையையோ மீட்பு ஆர்வலர்களையோ கேட்கலாம். அண்ணாறக்கண்ணனும் தன்னால் ஆனது என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. அணில்கூடத் தன்னால் முடிந்ததைச் செய்யும் என்று பொருள். நம்மால் முடிந்தது ஒன்றும் பெரிதில்லை: மருந்துக் கடைக்குப் போகும் முன், ஒரு சிறு டப்பாவில் கடுகளவு மலத்தோடு கால்நடை மருத்துவமனைக்குப் போவது.